செவியே முதற்பள்ளி



மழலையர் பள்ளியிலிருந்து திரும்பிய குழந்தையின் பையில் ஒரு தாள் இருக்கிறது. ஒருபுறம் பூனையும் பேனாவும். மறுபுறம் தொப்பியும் கோழியும் பால் கிண்ணமும். 'கேட்' என்பதை 'ஹேட்' என்பதோடும், 'பென்' என்பதை 'ஹென்' என்பதோடும் கோடிட்டு இணைக்க வேண்டும். குழந்தையோ பூனையைப் பால் கிண்ணத்தோடு இணைத்துவிடுகிறது. தாய் அழித்துத் திருத்துகிறார். குழந்தை மீண்டும் பாலுக்கே போகிறது. தாயின் குரல் உயர்கிறது. குழந்தையின் கண் கலங்குகிறது. அருகில் அமர்ந்திருக்கும் பாட்டி, 'இது இங்கிலீஷ் பாடம், எனக்கென்ன தெரியும்' என்று ஒதுங்கிக்கொள்கிறார்.

இக்காட்சி பல இல்லங்களில் நிகழ்வது. இதில் குழந்தையின் பிழை சிறிது. பாட்டி ஒதுங்கியதே பெரும் பிழை.

பூனைக்குப் பால் பிடிக்கும். ஆதலின் குழந்தை பொருளை நோக்கி இணைத்தது. தாள் கேட்டதோ ஒலியை. சொல்லின் பொருளை மறந்து ஒலியை மட்டும் கேட்பது மூன்று நான்கு வயதுக் குழந்தைக்குப் புதிய வித்தை. அவ்வித்தை ஆங்கிலத்திற்கு மட்டும் உரியதன்று, செவிக்கு உரியது. எம்மொழியில் செவி பழகினாலும் அப்பழக்கம் பயன்தரும்.

ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வு செய்த லினெட் பிராட்லி, பீட்டர் பிரையன்ட் என்னும் இருவர், ஆங்கிலம் பேசும் 4, 5 வயதுக் குழந்தைகள் ஏறத்தாழ 400 பேரைச் சோதித்து, சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1983இல் 'நேச்சர்' இதழில் முடிவை வெளியிட்டனர். படிக்கத் தொடங்குமுன்னரே சொற்களின் ஒலி ஒப்புமையை உணர்ந்த குழந்தைகள், பின்னர் வாசிப்பதிலும் பிழையின்றி எழுதுவதிலும் முன்னேறியிருந்தனர். ஒலிப் பயிற்சியோடு நெகிழி எழுத்துகளையும் கையாண்ட குழுவினரே மிகவும் முன்னேறினர். ஆகவே, முதலில் செவி, பின்னர் எழுத்து.

செவிப் பயிற்சிக்குத் தமிழில் உள்ள வளம் பெரிது. ஆங்கிலத் தாள் கேட்பது சொல்லின் இறுதி ஒலியை. தமிழ்ச் செய்யுளோ சொல்லின் தலையிலும் ஒலியை ஒன்றுவிக்கும். பால், பாய், பானை, பாட்டி எனத் தொடக்கம் ஒன்றுவது மோனை. எண்ணெய், கிண்ணம், கண்ணாடி, அண்ணன் என இரண்டாம் எழுத்து ஒன்றுவது எதுகை. அதற்கு முதலெழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும், குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். மரம், பழம், படம் என இறுதி ஒன்றுவது இயைபு.

இவற்றை வகுத்துரைக்கும் யாப்பருங்கலக்காரிகையை இயற்றிய அமிதசாகரரும், அதற்கு உரை கண்ட குணசாகரரும் சமணச் சான்றோர் என்பதைத் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் அறியும். காரிகையின் செய்யுள்கள் பெண்ணொருத்தியை விளித்துப் பாடம் சொல்லும் முறையில் அமைந்தவை. அந்த இலக்கணம் வீட்டுப் பெண்டிரின் நாவிலிருந்து குழந்தையின் செவிக்குச் செல்வது எத்துணைப் பொருத்தம்!

பயிற்சிக்கு நேரம் ஏது என்பார் உண்டு. பொழுது சாயுமுன் உணவை முடிக்கும் இல்லங்களில், விளக்கேற்றியது முதல் குழந்தை உறங்கும் வரை ஓய்வான வேளை இருக்கிறது. அதில் ஐந்து நிமிடம் போதும். தாளும் வேண்டா, எழுதுகோலும் வேண்டா.

முதற்படி, கேட்டல். பட்டு, தட்டு, கட்டு, மொட்டு என இரண்டாம் எழுத்தும் இறுதியும் ஒருங்கே ஒலிக்கும் சொற்களைக் கைதட்டிச் சொல்ல வேண்டும். குழந்தை கேட்டு மகிழ்ந்தால் அன்றைய பாடம் நிறைந்தது.

இரண்டாம்படி, பிரித்தல். "கண்ணு, பாட்டி மூணு சொல்லு சொல்றேன், எது சேரலைன்னு சொல்லு: கல்லு, பல்லு, பூனை." குழந்தை 'பூனை' என்று கூவும் நாளில் செவி திறந்துவிட்டது எனலாம்.

மூன்றாம்படி, ஆக்கல். "சோறு மாதிரி இன்னொரு சொல்லு?" என்று கேட்டால் குழந்தை 'சாம்பார்' என்னும். அது பால் கிண்ணத்துப் பிழையே. 'தப்பு' என்று சொல்லாமல், "சாம்பார் சோத்துக்கு நல்லாருக்கும். காதுக்கு எது நல்லாருக்கும்? சோறு, ஆறு, நூறு..." என்று எடுத்துக் கொடுத்தால் போதும். ஒரு நாள் அது 'கூறு', 'சேறு' எனத் தொடரும். 'பூறு' என்று பொருளில்லாச் சொல்லையும் படைக்கும். அதற்கும் கைதட்ட வேண்டும். ஒலியின் நெறியை அறிந்த குழந்தையே இல்லாத சொல்லை அந்நெறியில் படைக்கும்.

பெற்றோர் விலக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, 'கல்லு' என்பதைக் 'கல்' என்று அப்போதே திருத்துவது. வீட்டு வழக்கிலேயே செவி பழகட்டும். எழுத்து வழக்கைப் பின்னர்க் கற்கலாம். மற்றொன்று, விருந்தினர் முன் ஒப்பிக்கச் சொல்வது. விளையாட்டு தேர்வாகிவிட்டால் குழந்தை வாய்மூடிக்கொள்ளும்.

மூன்றுபடியும் கடந்தபின் பள்ளித் தாளை எடுத்தால், 'கேட், ஹேட்' என்பது குழந்தைக்குப் பழகிய விளையாட்டின் இன்னொரு மொழி வடிவமாகவே தோன்றும். எழுத்தட்டைகளையும் அப்போது கையில் கொடுக்கலாம்.

இதனினும் பெரிய பயன் ஒன்று உண்டு. சமண முனிவர் அருளிய நாலடியாரின் நானூறு வெண்பாக்களும் எதுகையும் மோனையும் தாங்கி நிற்பவை. ஓரடியின் தலைச்சொல் அடுத்த அடியின் தலைச்சொல்லை நினைவூட்டும். ஏடில்லாமலும் செய்யுள் நெஞ்சில் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். எதுகைக்குச் செவி பழகாத குழந்தைக்கு அவ்வெண்பா வெறும் மனப்பாடச் சுமை. பழகிய குழந்தைக்கோ கைகொடுத்து அழைத்துச் செல்லும் படிக்கட்டு. ஆங்கிலவழிப் பள்ளியில் பயிலும் பேரக்குழந்தைக்கும் நாலடியாருக்கும் இடையே இன்று நிற்கத்தக்கவர் பாட்டியே.

ஆகவே, அந்தத் தாள் வீட்டுக்கு வரும்போது பாட்டி ஒதுங்க வேண்டா. ஆங்கிலச் சொல்லைத் தாய் சொல்லட்டும். ஒலியைக் கேட்கும் செவியைப் பாட்டி பழக்கட்டும். மடியில் குழந்தையை இருத்தி, "பட்டு, தட்டு..." என்று தொடங்கினால் போதும், அடுத்த சொல்லைக் குழந்தை கொண்டுவரும்.