மனை வாங்குமுன் மதகைப் பாருங்கள்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எங்கள் பழையசீவரத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். காரணம் எனக்குத் தெரியும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் நம்ம ஆட்கள் பலர் வாலாஜாபாத் பக்கம் மனை தேடுகிறார்கள். "நீ சிவில்காரன், அந்த ஊர்க்காரன் வேறே, நல்ல இடமா சொல்லுப்பா" என்று மாதம் இரண்டு போனாவது வருகிறது. எல்லோருக்குமாக இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நல்ல இடந்தான். செங்கல்பட்டு–அரக்கோணம் ரயில் பாதையில் எங்களுக்கு ஒரு ஸ்டேஷன் உண்டு. குன்றின்மேல் லட்சுமி நரசிம்மர் கோயில், கீழே பாலாறு. எதிர்க்கரையில் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற இடம். மாட்டுப்பொங்கலன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்கு எங்கள் ஊருக்கு எழுந்தருளுவார், பிறகு திருமுக்கூடல் போவார். அன்றைக்கு ஒரு தரம் வந்து பாருங்கள், கூட்டத்துக்குத் தயாராக.

திருமுக்கூடல் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்து, அதாவது 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை, அதற்கு வைத்தியர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருகிறவர், நோயாளியைக் கவனிக்கும் பெண்கள், இன்ன இன்ன மருந்து என்று எல்லாம் கணக்காக வெட்டியிருக்கிறார்கள். கூடவே பள்ளியும் மாணவர் விடுதியும். நம்ம ஹாஸ்டல் மெஸ் கணக்கு ஒருநாளும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை!

ஆற்றைத் தாண்டித் தெற்கே போனால் உத்திரமேரூர். பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் உள்ள குடவோலை முறையை எல்லோரும் பாடத்தில் படித்திருப்பீர்கள். தேர்தலைப் பற்றி நிறையப் பேசுகிறோம். எனக்கு அதில் பிடித்தது ஏரி வாரியம். ஆறு பேர், 360 நாள் பதவி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவர் நெருங்கிய உறவினருக்கும் கிடையாது. அந்த ஊர் ஏரியான வைரமேகத் தடாகம் பல்லவர் காலத்தது. அதில் வண்டல் எடுப்பதற்கென்றே தனியாக அறக்கட்டளைகள் வைத்தார்கள். ஏரியை வெட்டியதோடு வேலை முடியவில்லை, மண் வந்துகொண்டேதான் இருக்கும் என்று தெரிந்தவர்கள்.

இப்போது மனைக்கு வருகிறேன். ஏரி என்றால் தண்ணீர் நிற்கிற பள்ளம் மட்டும் இல்லை. வரத்துக்கால்வாய், உள்வாய், கரை, மதகு, கலங்கல், கலங்கலில் வழிந்த தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போகும் வாய்க்கால், இத்தனையும் சேர்ந்ததுதான் ஏரி. எங்கள் மாவட்டத்தில் ஏரிகள் இப்படிச் சங்கிலியாகவே இருக்கின்றன. நாலைந்து வருஷம் மழை பொய்த்தால் வாய்க்கால் இருந்த சுவடே தெரியாது. அப்போதுதான் கல் நட்டு, கொடி கட்டி, "ஏரிக்கரைக் காற்று" என்று நோட்டீஸ் அடிப்பார்கள். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளில் தண்ணீர் எப்படி ஏறியது என்று பார்த்தோம். 2021 நவம்பரில் எங்கள் பாலாறே கரைகொள்ளாமல் போனது. அதுவரை அந்த மணலில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

போன வருஷம் நம் ஜூனியர் ஒருவன் அட்வான்ஸ் கொடுக்குமுன் என்னை அழைத்துப்போனான். புல வரைபடத்தை வாங்கிப் பார்த்தால் மனையை ஒட்டி வாய்க்கால் போகிறது. நேரில் அங்கே செம்மண் ரோடு. விற்பவரைக் கேட்டேன். "அது பழைய வாய்க்கால் சார், தண்ணி வந்து இருபது வருஷம் ஆச்சு" என்றார். "வந்தா எந்தப் பக்கம் போகும்?" என்றேன். பதில் இல்லை. தம்பி வாங்கவில்லை. ஆனால் இரண்டே மாதத்தில் அந்த மனை வேறொருவருக்குப் போய்விட்டது. இப்போது அங்கே வீடு எழும்புகிறது. அஸ்திவாரத்தை ஓரடி உயர்த்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆகவே கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பாருங்கள். வாய்க்கால் புறம்போக்கு எந்த எண்ணில் இருக்கிறது, மனை எந்த எண்ணில் என்று ஒப்பிடுங்கள். மதகும் கலங்கலும் எங்கே என்று ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். அவர்கள் கையை நீட்டிக் காட்டுவார்கள். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் போய்ப் பாருங்கள். சித்திரையில் எல்லா மனையும் மேடாகத்தான் தெரியும்.

வருகிற மாட்டுப்பொங்கலன்று பார்வேட்டை முடிந்ததும் எங்கள் வீட்டில் சாப்பாடு. மறுநாள் காலையில் மனை பார்க்க விரும்புகிறவர்களோடு நான் வருகிறேன். சர்வே எண்ணை மட்டும் மறக்காமல் எழுதிக்கொண்டு வாருங்கள்.