மழைக்குப் பின் களையெடுப்பு



தோட்டத்தைப்பற்றிப் பேச ஆஸ்பத்திரிக்காரருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஐப்பசி மழை விட்டதும் தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கத்துக் காலி மனைகளைப் பாருங்கள். கேரட் இலை போன்ற இலையும் சின்னஞ்சிறு வெள்ளைப் பூவுமாய்ப் பார்த்தீனியம் எழும்பி நிற்கும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இச்செடியை நம் நாட்டில் 1950-களின் நடுவில் புனேயில் கண்டார்கள். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை விடும். பக்கத்து மனையில் பூத்தது அடுத்த மழைக்கு நம் மல்லிகைப் பாத்தியில் முளைத்துவிடும்.

இதைத் தொடுகிறவர்களில் சிலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும், மகரந்தத்தால் தும்மலும் இளைப்பும் உண்டாகின்றன. பல வருஷம் வெறுங்கையால் பிடுங்கியவருக்கும் திடீரென ஒவ்வாமை வருவதுண்டு. ஆகையால் கையுறையும் முழுக்கைச் சட்டையும் அவசியம். கோதுமையும் களையும் உவமையை நாம் அறிவோம். ஆனால் தோட்டத்தில் அறுப்புவரை பொறுக்கக்கூடாது. பூக்குமுன், மண் ஈரமாயிருக்கையில் வேரோடு பிடுங்குங்கள். பூத்ததை எருக்குழியில் போடவேண்டாம், விதை எருவோடு திரும்பி வரும்.

கோரை வேறு விதம். இழுத்தால் புல் மாத்திரம் கையோடு வரும்; கீழே கிழங்குகள் சரமாய்க் கோத்துக் கிடக்கும். மண்வெட்டியால் சரத்தை அறுத்தால், உறங்கிய கிழங்கும் முளைக்கும். களைக்கொத்தால் ஆழத் தோண்டிக் கிழங்கைப் பொறுக்க வேண்டும். மறுபடி தலைகாட்டும், இரண்டு மூன்று வாரத்துக்கொருமுறை விடாமல் எடுத்தால் கிழங்கின் பலம் குறையும். குப்பைமேனியையும் கீழாநெல்லியையும் பாட்டிமார் விட்டுவைக்கச் சொல்வார்கள். அந்தச் சண்டைக்கு நாங்கள் வரவில்லை.

எங்கள் கவலையெல்லாம், பொறுமையிழந்து களைக்கொல்லி வாங்குகிறவர்களைப் பற்றியதே. சிறிய தோட்டத்துக்குக் கொஞ்சம் போதுமென்று, தெரிந்தவரிடம் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வாங்கி வருகிறார்கள். மிச்சம் மாடிப்படிக்கடியில் இருந்துவிடுகிறது. பாராக்குவாட் என்ற மருந்து ஒரு வாய் உள்ளே போனாலே உயிர் போகலாம். அதற்கு மாற்றுமருந்து இல்லை. நோயாளி முழு நினைவோடு பேசிக்கொண்டிருக்க, நுரையீரல் நாளுக்கு நாள் கெடும். கேரள அரசு 2011-இல் இதைத் தடைசெய்தது. இலங்கை 2008 தொடங்கிப் படிப்படியாக நிறுத்தி 2014-க்குள் தடைசெய்தது.

நாலு சென்ட் தோட்டத்துக்கு இது எதற்கு? வீட்டில் ஏற்கெனவே இருந்தால், வேறு பாட்டிலுக்கு மாற்றாமல் பூட்டி வையுங்கள். எவராவது விழுங்கியதாகச் சந்தேகமிருந்தால், நன்றாய்த்தானே இருக்கிறார் என்று காத்திராமல், அந்தப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.