அவசரமும் அறமும்

அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிக் காப்பாற்றிய நல்ல சமாரியன் என்பவரின் பைபிள் கதை தெரியும்தானே? அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் பாதிரியார் படிப்பு படித்த 40 மாணவர்களை டார்லி, பேட்சன் என்ற உளவியலாளர்கள் சோதித்தார்கள். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ப் பேச வேண்டும். பாதிப் பேருக்குத் தலைப்பே அந்தச் சமாரியன் கதைதான்! வழியில், வாசற்படியில் ஒருவர் தலை கவிழ்ந்து இருமுகிறார், முனகுகிறார். ஆய்வுக்காக உட்கார வைக்கப்பட்டவர் அவர்.

அவகாசம் இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். "நேரமாச்சு, ஓடு" என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். பேசப்போன தலைப்பால் புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. 1973-ல் வெளியான ஆய்வு இது.

அந்தப் பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. கடிகாரம் கழுத்தைப் பிடித்துத் தள்ளியது. இன்று நீங்கள் பத்து நிமிடம் முன்னதாகவே வீட்டைவிட்டுக் கிளம்புங்களேன்.