தேங்காயும் மாசியும்: நம் பிள்ளைகள் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

(தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகள், பெற்றோர் ஆகியோருக்காக நமது சங்கத்தின் கல்விக் குழு நடத்திய ஞாயிற்றுக்கிழமைக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை.)



பிள்ளைகளின் வாசிப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுக் கொடுப்பதைப் பற்றி நான் இன்று பேசப் போவதில்லை. வாசித்ததையும் கேட்டதையும் அப்படியே விழுங்காமல், "இது உண்மையா?" என்று கேட்கப் பழக்குவதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதற்கு நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதையையே எடுத்துக்கொள்கிறேன்.

"தேயிலைத் தூருக்குக் கீழே தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று கங்காணி சொன்னான், அதை நம்பி நம் ஆட்கள் கப்பல் ஏறி வந்தார்கள்." இதைக் கேட்காதவர் இந்த மண்டபத்தில் இருக்க மாட்டார். பாட்டி சொல்லியிருப்பார், மேடையில் கேட்டிருப்போம், பிள்ளைகள் கட்டுரையிலும் எழுதுகிறார்கள். தரம் 9 வகுப்பில் இந்தக் கதையைப் பலகையில் எழுதி, அதன் கீழே நான்கு கேள்விகளை எழுதுவேன். யார் சொன்னது? எப்போது சொன்னது? இந்தக் கதையில் பேசாமல் இருப்பவர் யார்? இதை நம்பினால் யாருக்கு இலாபம்?

"எப்போது" என்ற கேள்வியிலேயே கதை ஆட்டம் காணத் தொடங்கிவிடும். நம் முன்னோர் வரத் தொடங்கியது 1820களில். அப்போது இங்கே பெருந்தோட்டமாகப் போட்டது கோப்பி. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867இல். கோப்பி இலையில் நோய் கண்டது 1869இல். கோப்பி அழிந்து தேயிலை பரவியது அதற்குப் பிறகுதான். அப்படியென்றால், முதலில் வந்தவர்களிடம் "தேயிலைத் தூர்" என்று எவனும் சொல்லியிருக்க முடியாது. பின்னால் வந்தவர்களிடம் சொல்லியிருக்கலாம். அல்லது வந்து ஏமாந்தவர்கள் பிறகு தாங்களே சொல்லிக்கொண்டதாக இருக்கலாம். இந்த இடத்துக்கு வரும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். இத்தனை நாள் எல்லோரும் சொன்ன கதையில், ஆண்டுக் கணக்கைப் பார்த்ததும் தாங்களே ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார்கள் அல்லவா?

அடுத்தது, "பேசாதவர் யார்?" கதையில் கங்காணி பேசுகிறான். நம் ஆட்கள் நம்புகிறார்கள், அவ்வளவுதான். அவர்கள் ஏன் ஊரை விட்டார்கள் என்று கதை சொல்வதில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் பெரும் பஞ்சம். அந்தப் பஞ்சத்துக்கு முன்பும் பின்பும் நிலமில்லாத கூலிகளாக, பண்ணையாட்களாக, கடனிலும் சாதிக் கொடுமையிலும் அகப்பட்டிருந்தவர்கள்தான் வந்தவர்களில் பெரும்பகுதி. மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். எத்தனையோ பேர் வழியிலேயே செத்து விழுந்தார்கள். தேங்காய்க்கும் மாசிக்கும் ஆசைப்பட்டா இந்த வழியில் நடப்பான் ஒரு மனிதன்? அங்கே இருக்க முடியாமல்தான் நடந்தான்.

இன்னொன்றையும் இந்தக் கதை மறைக்கிறது. அதுதான் துண்டு. வயதானவர்கள் சிலர் இந்தச் சொல்லைக் கேட்டிருப்பீர்கள். கங்காணி வழிச்செலவுக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்த பணம் முன்பணமாக, அதாவது கடனாக, தொழிலாளியின் தலையில் ஏறியது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், "இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் விடுகிறோம்" என்று துரை எழுதிக் கொடுக்கும் ஒரு தாள் வேண்டும். அந்தத் தாள்தான் துண்டு. அதில் எவ்வளவு எழுதியிருந்தது என்று நம் பாட்டன்மாரால் வாசிக்க முடியவில்லை. கணக்கு சரியா என்று கேட்கவும் முடியவில்லை. இந்த முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது.

இப்போது பாருங்கள். தேங்காயும் மாசியும் நம் நினைவில் நின்றுவிட்டது, துண்டு மறந்துபோனது. தேங்காய்க் கதையில் நம் ஆட்கள் ஆசைப்பட்டு ஏமாந்த அப்பாவிகள். துண்டுக் கதையில் அவர்கள் கடனால் கட்டப்பட்ட தொழிலாளிகள். முதல் கதையைக் கேட்டால் சிரிப்பு வரும், கொஞ்சம் பரிதாபம் வரும். இரண்டாவது கதையைக் கேட்டால் "அந்தக் கணக்கை எழுதியவன் யார்?" என்ற கேள்வி வரும். எந்தக் கதை பரவினால் யாருக்கு இலாபம் என்று பிள்ளைகளே சொல்லிவிடுகிறார்கள்.

"ஆசைப்பட்டு வந்தவர்கள்" என்று நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொண்டிருந்தால், "வந்தவர்கள் போகலாமே" என்று மற்றவன் சொல்வது சுலபம். 1948இல் சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டில் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். அந்தக் கணக்கைப் போடும்போது நம் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. "பேசாதவர் யார்?" என்ற கேள்விக்கு அங்கேயும் நாம்தான் பதில். அந்தக் காலத்தில் "சொந்த ஊருக்குப் போகிறோம்" என்ற நினைப்போடு தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்களில் எத்தனையோ பேர் கடைசியில் நீலகிரி மலையில் மறுபடியும் தேயிலைக் கொழுந்துதான் பறித்தார்கள்.

அதற்காக, பாட்டி சொன்னது பொய் என்று பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுப்பதாக நினைக்க வேண்டாம். அந்தக் கதையைச் சொல்லும் பாட்டியின் குரலைக் கவனித்துக் கேளுங்கள். அதில் கசப்பு இருக்கிறது, ஒரு நக்கல் இருக்கிறது. "எங்களுக்கு என்ன சொன்னார்கள், இங்கே என்ன கொடுத்தார்கள், பார்த்தாயா?" என்று ஆள் பிடித்தவனைக் குத்திக் காட்டும் கதையாகவும் அதை எடுக்கலாம். வகுப்பில் அதையும் பேசுகிறோம். கதை ஒன்றுதான், யார் வாயில் வருகிறது என்பதைப் பொறுத்து அதன் அர்த்தம் மாறும்.

சில பெற்றோர் என்னிடம் நேராகவே கேட்டார்கள். "டீச்சர், இப்படியெல்லாம் கேள்வி கேட்கப் பழக்கினால் நாளைக்கு எங்களையே எதிர்த்துப் பேசாதா? சாமி கும்பிடாதா?" நியாயமான பயம்தான். தேயிலை ஸ்டோர் பக்கத்தில் ரோதைமுனியைக் கும்பிடுவது நமக்குத் தெரியும். அந்தச் சாமியைப் பற்றிப் பிள்ளைகள் "எப்போது?" என்று கேட்டால், ரோதை சுழலும் மெஷின் வந்த பிறகுதானே இந்தச் சாமி வந்திருக்க முடியும் என்று விளங்கும். ஏன் வந்தது? அந்த மெஷினுக்குப் பக்கத்தில் வேலை செய்தவர்களுடைய கை, கால், உயிர் பற்றிய பயத்தால். இதைத் தெரிந்துகொண்ட பிள்ளை சாமியைக் கேலி செய்யவில்லை. தன் பாட்டன் எவ்வளவு பயத்தோடு வேலை செய்தான் என்று தெரிந்துகொண்டது. அதோடு, மெஷினுக்குப் பாதுகாப்பு மறைப்பு இருக்கிறதா என்று கேட்கவும் கற்றுக்கொண்டது. கும்பிடட்டும், கேட்கவும் கேட்கட்டும்.

பெண்களைப் பற்றிய ஒரு கதையும் உண்டு. "பெண்களின் விரல் மென்மையானது, கொழுந்து பறிக்க அதுதான் ஏற்றது" என்பார்கள். தேயிலைப் பெட்டியில் கூடையோடு சிரிக்கும் பெண்ணின் படமும் அதைத்தான் சொல்கிறது. அந்த மாதிரிப் படத்தை வகுப்பில் வைத்து, "இதில் எது இல்லை?" என்று கேட்டேன். மழை இல்லை, அட்டை இல்லை, படங்கு இல்லை, தராசு இல்லை என்று பிள்ளைகள் அடுக்கிக்கொண்டே போனார்கள். பிறகு ஒரு கேள்வி. அந்த விரல் அவ்வளவு விசேஷமானது என்றால், ஆணுக்குக் கொடுத்த நாட்சம்பளத்தைவிடப் பெண்ணுக்கு ஏன் குறைவாகக் கொடுத்தார்கள்? சமசம்பளம் வந்தது 1984இல்தான். அதுவும் தொழிற்சங்கங்கள் போராடியதால் வந்தது. வாயால் புகழ்வது, சம்பளத்தில் குறைப்பது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பழகிய பெண்பிள்ளையை அப்புறம் சும்மா புகழ்ந்து ஏமாற்ற முடியாது.

வாசித்தால் மட்டும் போதாது, எழுதவும் வேண்டும். கொப்பியில் நடுவில் ஒரு கோடு போடச் சொல்வேன். இடது பக்கம் "நான் கேட்டது", வலது பக்கம் "நான் விசாரித்தது". வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு, புத்தகத்தில் ஆண்டைப் பார்த்து, வலது பக்கத்தை நிரப்ப வேண்டும். வாக்கியத்தையும் மாற்றி எழுதச் சொல்வேன். "ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார்" என்பது புத்தகத்தில் வரும் வாக்கியம். 19 ஏக்கருக்கும் குழி வெட்டியது டெய்லர் ஒருவரா? காட்டை வெட்டியவர், கல்லைப் புரட்டியவர், கன்று நட்டவர் எல்லோரையும் சேர்த்து எழுதச் சொன்னால், அந்த ஒரு வாக்கியம் ஒரு பக்கமாக நீளும். ஒரு மாணவி வலது பக்கத்தில் இப்படி எழுதியிருந்தாள்: "எங்கள் ஆட்கள் தேங்காய்க்கு வரவில்லை. அவர்களுக்குக் கடன் இருந்தது. அந்தக் கடன் எவ்வளவு என்று அவர்களுக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை." இவ்வளவு நேரம் நான் பேசியதை அவள் மூன்று வரியில் எழுதிவிட்டாள்.

இதெல்லாம் பழைய கதை, இப்போது எதற்கு என்று நினைக்காதீர்கள். தேங்காயும் மாசியும் இன்றைக்கும் வந்துகொண்டுதான் இருக்கிறது. "கொழும்பில் கடையில் வேலை, சாப்பாடு, தங்குமிடம், கைநிறையச் சம்பளம்" என்று ஒருவர் லயத்துக்கு வருகிறார். "வெளிநாட்டில் நல்ல வீடு, அம்மா மாதிரிப் பார்ப்பார்கள்" என்று இன்னொருவர் வருகிறார். "கையெழுத்து மட்டும் போடுங்கள், கடன் உடனே கையில்" என்று மூன்றாமவர் வருகிறார். அந்த நேரத்தில் வீட்டில் ஒரு பிள்ளை எழுந்து, "இதை யார் சொன்னது? தாளில் என்ன எழுதியிருக்கிறது? நாம் கையெழுத்துப் போட்டால் யாருக்கு இலாபம்?" என்று கேட்டால், அதை "பெரியவங்க பேசும்போது வாய மூடு" என்று அடக்கிவிடாதீர்கள். அந்தப் பிள்ளைதான் உங்கள் வீட்டுக் காவல்.

சம்பளச் சீட்டும் ஒரு கதைதான். எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள், எதற்கு அரைப் பேர், என்னென்ன பிடித்திருக்கிறார்கள் என்று அது சொல்கிறது. ஊழியர் சேமலாப நிதிக்குச் சட்டப்படி தொழிலாளியிடமிருந்து குறைந்தது நூற்றுக்கு 8, முதலாளியிடமிருந்து குறைந்தது நூற்றுக்கு 12 போக வேண்டும். சீட்டில் பிடித்தது நிதிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால், பென்ஷன் எடுக்கும் நாளில் நாம் அலைய வேண்டியதில்லை. பாட்டனால் வாசிக்க முடியாத துண்டுக்குப் பேத்தி இப்படித்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே, இன்று வந்திருக்கும் தலைவர்களிடமும் பெற்றோரிடமும் மூன்று காரியம் கேட்கிறேன். முதலாவது, தோட்டத்தில் இருக்கும் மூத்தவர்களிடம் பிள்ளைகள் கேட்டு எழுத, மாதத்தில் ஒரு நாள் மாலை வாசிகசாலையையோ கோயில் மண்டபத்தையோ திறந்து கொடுங்கள். அவர்கள் போய்விட்டால் அந்த வலது பக்கம் வெறுமையாகவே இருக்கும். இரண்டாவது, சம்பள நாளில் சீட்டைப் பிள்ளை கையில் கொடுத்து, சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எத்தனை நாள் மலைக்குப் போனோம் என்று உங்களுக்குத் தெரியும், எழுதியிருப்பது என்ன என்று பிள்ளைக்குத் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்தால் கணக்கு முழுமையாகும். மூன்றாவது, கணக்கு இடித்தால் பிள்ளை எழுதிய தாளையும் எடுத்துக்கொண்டு தலைவரிடம் வாருங்கள். அங்கிருந்து அது சங்கத்தின் வேலை.