கூட்டம் போட்டவர்கள்



ஹெராயின், ஃபென்டனில் போன்ற போதை மருந்து அளவு மீறிப் போனால் மூச்சு மெல்ல மெல்ல அடங்கும். தொண்டையில் குறட்டை போல ஒரு சத்தம் வரும், உதடு நீலம் பாரிக்கும். நலோக்ஸோன் மருந்தைக் கொடுத்து, முகவாயை உயர்த்தி, ஐந்து நொடிக்கு ஒரு முறை வாயோடு வாய் வைத்து ஊதினால் பிழைக்க வைக்கலாம். ஆனால் அந்தச் சில நிமிடங்களில் பக்கத்தில் இருப்பவர் பெரும்பாலும் அதே போதை மருந்தை எடுக்கும் இன்னொருவர்தான். போலீசுக்குப் பயந்து அவர் ஓடிவிட்டால் எல்லாம் முடிந்தது.

கனடாவில் வான்கூவர் நகரின் டவுன்டவுன் ஈஸ்ட்சைடு பகுதி இதைக் கண்ணால் கண்டது. 1997-இல் அங்குள்ள ஓப்பன்ஹைமர் பூங்காவில், இப்படி இறந்தவர்களுக்காக ஆயிரம் சிலுவைகளை நட்டார்கள். அந்த நாட்களில்தான் கவிஞர் பட் ஆஸ்போர்னும் ஆன் லிவிங்ஸ்டனும் மற்றவர்களும் சேர்ந்து, போதை மருந்து எடுப்பவர்களையே கூட்டி ஒரு சங்கம் அமைத்தார்கள். அதன் பெயர் வாண்டு. நிர்வாகக் குழுவிலும் அவர்களே. ஊரே ஒதுக்கிவைத்த ஒருவர் கூட்டத்தில் எழுந்து பேசி, கையைத் தூக்கி வாக்களிப்பது சின்ன விஷயமா? எனக்கு இந்தக் கதையில் மிகப் பெரியதாகப் படுவது அதுதான். யாரும் அவர்களுக்கு உபதேசம் செய்யவில்லை. என்ன வேண்டும் என்று அவர்களிடமே கேட்டார்கள். சந்துகளில் சுற்றிவந்து விழுந்து கிடப்பவர்களைப் பார்ப்பது, சுத்தமான ஊசி கொடுப்பது என்று வேலைகளை அவர்களே எடுத்துக்கொண்டார்கள்.

அவர்கள் விடாமல் கேட்டதன் பலனாக, 2003-இல் செவிலியர் கண்காணிப்பில் போதை ஊசி போட்டுக்கொள்ளும் 'இன்சைட்' மையம் திறந்தது. வட அமெரிக்காவில் சட்ட அனுமதியோடு வந்த முதல் மையம் அது. மத்திய அரசு அதை மூடப் பார்த்தபோது வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2011-இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக மையத்தின் பக்கம் நின்றார்கள்.

பிறகு ஃபென்டனில் வந்தது. ஹெராயினைவிடப் பல மடங்கு வீரியம். எதில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. 2016 ஏப்ரலில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தது. அறிவிப்பு வந்தும் சாவு குறையவில்லை. அந்த செப்டம்பரில், அனுமதிக்குக் காத்திராமல், ஆன் லிவிங்ஸ்டனும் வேறு சில தன்னார்வலர்களும் ஒரு சந்தில் கூடாரம் போட்டு, நலோக்ஸோனோடு உட்கார்ந்தார்கள். டிசம்பரில் இப்படிப்பட்ட இடங்களைத் திறக்கும்படி மாகாண அரசே உத்தரவிட்டது.

அதன் பிறகும் ஆயிரக்கணக்கானோர் இறந்திருக்கிறார்கள். கூடாரம் மூச்சைத் திருப்பித் தரும். தெருவில் விற்கும் சரக்கிலுள்ள விஷத்தை அதனால் எடுக்க முடியாது. அதனால்தான் இப்போது வாண்டு சங்கத்தார், கலப்படமில்லாத மருந்தை அரசின் கட்டுப்பாட்டில் தர வேண்டும் என்று கேட்கிறார்கள். அந்தப் பேச்சு நடக்கும் மேசையில் அவர்களுக்கும் நாற்காலி போட வேண்டும்.