தீயா, வெயிலா?



2001 நவம்பர் 12. நியூயார்க்கில் காலை ஒன்பதே கால் மணி, நல்ல வெயில். கென்னடி விமான நிலையத்திலிருந்து கிளம்பிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587, சில நிமிடங்களில் பெல் ஹார்பர் குடியிருப்பில் விழுந்தது. விமானத்தில் இருந்த 260 பேரும் தரையில் 5 பேரும் மாண்டார்கள். இரட்டைக் கோபுரம் இடிந்து இரண்டே மாதம். குண்டுதான் என்று ஊரே பதறியது.

அமெரிக்க விசாரணை வாரியம் 349 பேரின் வாக்குமூலத்தை அலசியது. 52 சதவீதம் பேர், வானத்திலேயே தீப்பிடித்தது என்றார்கள். எங்கே தீ? உடற்பகுதியில் என்றார் ஒருவர்; இடது இன்ஜின் என்றார் ஒருவர்; வலது இறக்கை என்றார் இன்னொருவர். விமானம் வலப்பக்கம் திரும்பியது என்றவர்கள் 18 சதவீதம். இடப்பக்கம் என்றவர்களும் அதே 18! நம்ம ஊர்ப் பட்டிமன்ற நடுவரே திணறிப்போவார். விசாரணை முடிவோ, வால் முறிவதற்கு முன் தீயே இல்லை என்றது. முன்னே போன விமானத்தின் காற்றுச் சுழலில் சிக்கியதும், துணை விமானி சுக்கான் மிதியை மாறிமாறி அழுத்தினார். செங்குத்து வால் பிய்ந்துபோனது.

அத்தனை பேரும் பொய் சொன்னார்களா? இல்லை. கடைசி நொடிகளில் இன்ஜின்கள் கழன்றபோது எழுந்த தீயைச் சிலர் பார்த்திருக்கலாம். இன்னும் சிலர் பார்த்தது வெயிலை என்பது என் கட்சி.

நாளைச் சாயங்காலம் மதுரை விமான நிலையத்தை ஒட்டிய பெருங்குடிப் பக்கம் போய், சூரியனுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். விமானம் திரும்பும்போது சில சமயம் பளீரென்று ஒரு செம்மஞ்சள் வெளிச்சம், மறுகணம் காணாது. அது விமானத்தில் பட்டுத் திரும்பும் வெயில். கண்ணாடி ஒரு டிகிரி சாய்ந்தால், பட்டுத் திரும்பும் ஒளி இரண்டு டிகிரி விலகும். சூரிய வட்டமோ அரை டிகிரி அகலம்தான். தட்டையான பரப்பில் பட்ட கதிர், மூன்று கிலோமீட்டர் தள்ளி இருபத்தைந்து மீட்டர் சொச்சத்துக்குத்தான் விழும். உங்கள் கண்ணைக் கூசவைத்தது பக்கத்துத் தெருக்காரருக்குத் தெரியவே தெரியாது. புரண்டு விழும் விமானத்திலோ இறக்கை, உடல், இன்ஜின் மூடி என்று மாறிமாறி மின்னும்.

சத்தமும் ஏமாற்றும்; அது நொடிக்கு 340 மீட்டர்தான் போகும். அதே மூன்று கிலோமீட்டருக்கு ஒன்பது நொடி. வெடிச்சத்தம் கேட்டு நிமிர்பவர், பழைய சத்தத்தையும் புதிய மினுக்கத்தையும் முடிச்சுப் போட்டுவிடுகிறார்.

அதற்காக எல்லாவற்றையும் வெயில் தலையில் கட்டக் கூடாது. 1971 டிசம்பர் 9 அன்று, மதுரைக்கு வந்துகொண்டிருந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் சின்னமனூர் அருகே மலையில் மோதியது. பார்வை மங்கிய பகல் அது. அங்கே வெயிலுக்கு வேலையில்லை.

பிள்ளைகளே, ஒரு விமான விபத்தை நீங்கள் பார்க்க நேர்ந்தால், வாட்ஸ்அப்பில் போடுவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: எங்கே நின்றேன், மணி என்ன, சூரியன் எந்தப் பக்கம், முதலில் வந்தது சத்தமா வெளிச்சமா? படம் எடுத்திருந்தால் வெட்டாமல் ஒட்டாமல் விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். பத்திரிகைத் தம்பிகளே, மைக்கை நீட்டி, "எப்படிங்க தீப்பிடிச்சது?" என்று கேட்காதீர்கள். "என்ன பார்த்தீங்க?" என்று மட்டும் கேளுங்கள்.