சோறு போட்டா ஜெயில்: திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை ஒரு ரோட் ட்ரிப்

திருச்சியிலிருந்து கடற்கரைக்கு ஒரு ரோட் ட்ரிப் சொல்லுங்க, வழியில நல்ல சாப்பாடு இருக்கணும்னு நிறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க. கேட்டவங்க எல்லாரும் மனசுல வெச்சிருந்தது சென்னை போய் ஈசிஆர் பிடிக்கிறது. அதுக்கு எதுக்கு எபிசோடு? நம்ம ஊரிலிருந்தே கடலுக்கு ஒரு ரோடு போகுது. கிட்டத்தட்ட 96 வருஷத்துக்கு முன்னாடி அந்த ரோட்டுல பயணம் போனவங்களுக்குச் சாப்பாடு கொடுத்தா ஜெயில். இன்னைக்கு அந்த ரோடுதான்.

கதை சுருக்கமா. 1930 ஏப்ரல் 6ஆம் தேதி காந்தி தண்டியில உப்பு எடுத்தார். ஒரு வாரம் கழிச்சு, ஏப்ரல் 13ஆம் தேதி, ராஜாஜி தலைமையில சுமார் நூறு தொண்டர்கள் திருச்சி கன்டோன்மென்ட்ல இருந்த டாக்டர் டி.எஸ்.எஸ்.ராஜன் வீட்டிலிருந்து கிளம்பினாங்க. ராஜன் ஸ்ரீரங்கத்துக்காரர், லண்டன்ல மருத்துவம் படிச்சவர். போக வேண்டிய இடம் வேதாரண்யம். சுமார் 240 கிலோமீட்டர், நடந்தே. சித்திரை வெயில்.

நம்ம கார்ல போறோம். அவங்க போன வழியை அப்படியே பிடிக்காம, சாப்பாட்டுக்காக அங்கங்க வளைச்சிருக்கேன்.

காலையில சீக்கிரம் கிளம்புங்க. திருவானைக்காவல்ல நெய் தோசை, ஒரு ஃபில்டர் காபி. அங்கிருந்து உத்தமர்சீலி வழியா கல்லணை ரோடு. ஒரு பக்கம் காவிரி, இன்னொரு பக்கம் கொள்ளிடம், நடுவுல வாழைத்தோப்பு. திருச்சியிலயே பொறந்து வளர்ந்து இந்த ரோட்டுல போகாதவங்க நிறைய பேர் இருக்காங்க, அது எனக்கு ஆச்சரியமாத்தான் இருக்கு.

கல்லணை தாண்டினா கோவிலடி. அப்பக்குடத்தான் பெருமாள் கோயில், 108 திவ்ய தேசத்துல ஒண்ணு. பெருமாள் கைக்குப் பக்கத்துல ஒரு குடம். தினமும் ராத்திரி அப்பம்தான் நைவேத்தியம். தலபுராணம் இதுதான்: ஒரு ராஜா அன்னதானம் பண்றார், பசியோட ஒரு கிழவர் வந்து சமைச்சதெல்லாம் சாப்பிட்டுட்டு, இன்னும் பசிக்குது, ஒரு குடம் அப்பம் வேணும்னு கேக்கறார். வந்தவர் பெருமாள். பசியோட வர்ற வழிப்போக்கனைத் திருப்பி அனுப்பக் கூடாதுன்னு சாமி கதையிலயே எழுதி வெச்ச ஊரு இது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க.

அடுத்து திருவையாறு. அசோகா. பாசிப்பருப்பு, கோதுமை மாவு, சர்க்கரை, அளவில்லாத நெய். சூடா, இலையில வாங்கி, நின்னுக்கிட்டே சாப்பிடணும். பார்சல் வாங்காதீங்க, ஆறிட்டா அது வேற பண்டம்.

இங்கிருந்து தஞ்சாவூர். அப்போ தஞ்சாவூர் ஜில்லா கலெக்டர் ஜே.ஏ.தார்ன்னு ஒரு ஐசிஎஸ் அதிகாரி. அவருக்கு மக்களைப் பத்தி ஒரு விஷயம் நல்லாத் தெரிஞ்சிருக்கு: நடக்கிறவங்களை அடிச்சு நிறுத்தறதைவிடப் பட்டினி போட்டு நிறுத்தறது சுலபம். தொண்டர்களுக்குச் சாப்பாடோ தங்க இடமோ கொடுத்தா இந்தியத் தண்டனைச் சட்டம் 157ஆம் பிரிவு, ஆறு மாசம் வரைக்கும் ஜெயில்னு உத்தரவு. பேப்பர்ல போட்டாங்க, நோட்டீஸ் அடிச்சாங்க, தண்டோராவும் போட்டாங்க.

மக்கள் என்ன பண்ணாங்கன்னா, வீட்டுக்குக் கூப்பிடல. சாலையோர மரக்கிளையில சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கட்டித் தொங்க விட்டுட்டுப் போயிட்டாங்க. யார் கட்டினா? தெரியாது. மரத்தைக் கைது பண்ண முடியுமா? அப்போ மேட்டூர் அணை கட்டி முடிக்கல, அது 1934லதான். சித்திரையில காவிரி பெரும்பாலும் மணல்தான். அந்த மணல்ல சாப்பாட்டுப் பாத்திரத்தைப் புதைச்சு வெச்சுட்டு, எங்க இருக்குன்னு தொண்டர்களுக்கு ஜாடை காட்டியிருக்காங்க. அந்தக் காலத்து ஸ்விக்கின்னு நம்ம டீம்ல ஒருத்தன் ஜோக் அடிச்சான். சிரிச்சேன். ஆனா ஸ்விக்கி பையன் பெல் அடிச்சுப் பேரைச் சொல்லிட்டுப் போவான். இங்க பேர் தெரிஞ்சா ஆறு மாசம்.

எல்லாரும் ஒளிஞ்சும் செய்யல. கும்பகோணத்துல பந்துலு ஐயர் தொண்டர்களை வீட்டுக்கே கூப்பிட்டு, தங்க வெச்சு, பகிரங்கமா விருந்து போட்டார். அதுக்காகக் கைதாகி ஜெயிலுக்குப் போனார். திருத்துறைப்பூண்டியில சத்திரத்துல இடம் கொடுத்ததுக்காக ஒருத்தர் கைதானார்.

கும்பகோணத்துலதான் நம்ம ராத்திரி தங்கறோம். டிகிரி காபியைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்லை. ஹைவேயில தாமிர டபரா வெச்சு ‘கும்பகோணம் டிகிரி காபி’ன்னு போர்டு போட்டிருக்கிற கடைகளுக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தம் கம்மிங்கறதை மட்டும் சொல்லிக்கறேன். நீங்க தேட வேண்டியது கடப்பா. ஊர் இல்லை, குழம்பு: பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, தேங்காய், சோம்பு அரைச்சு விட்டது. இட்லிக்கு அதைவிட நல்ல ஜோடி எனக்குத் தெரியல. சில ஓட்டல்ல ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், கேட்டுட்டுப் போங்க.

ரெண்டாம் நாள் நீடாமங்கலத்துல பால் திரட்டு, மன்னார்குடியில பெரிய கோயில், அப்புறம் திருத்துறைப்பூண்டி. நெல் ஜெயராமன் நெல் திருவிழா நடத்தி, பாரம்பரிய விதைகளை விவசாயிங்ககிட்ட கொடுத்துப் பரப்பின ஊர்ப்பக்கம் இது. அவர் 2018ல இறந்துட்டார். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி எங்கயாவது கிடைச்சா ஒரு கிலோ வாங்கிக்கோங்க.

அதுக்கப்புறம் வயல் குறையுது, காத்துல உப்பு வருது. வேதாரண்யம். தொண்டர்கள் ஏப்ரல் 28ஆம் தேதி இங்க வந்து சேர்ந்தாங்க. அவங்களுக்கு எல்லா ஏற்பாடும் பண்ணவர் சர்தார் வேதரத்தினம் பிள்ளை. 30ஆம் தேதி உப்பு எடுத்ததும் ராஜாஜி கைது, ஆறு மாசம் சிறை. இந்த ஊர்ல வைரப்பன்னு ஒரு முடிதிருத்தும் தொழிலாளிக்கு நினைவுத்தூண் இருக்கு, கட்டாயம் பாருங்க. சவரம் பண்ணிக்கிட்டிருக்கும்போது எதிர்ல உக்காந்திருக்கிறவர் போலீஸ்காரர்னு தெரிஞ்சதும், பாதியில கத்தியைக் கீழ வெச்சுட்டாராம். அவரும் ஜெயிலுக்குப் போனவர்தான். ராஜாஜி பேர் பாடப்புத்தகத்துல இருக்கு. மரத்துல பொட்டலம் கட்டினவங்க பேர் எங்கயும் இல்லை. வைரப்பன் பேராவது ஒரு தூண்ல இருக்கு.

மதியச் சாப்பாடு மீன் குழம்பு. கடை பேர் சொல்ல மாட்டேன், உப்பளத்துல வேலை பாக்கறவங்க எங்க சாப்பிடறாங்களோ அங்க போங்க. சாயங்காலம் அகஸ்தியம்பள்ளி உப்பு சத்தியாகிரக நினைவிடம், சுத்தி உப்பளம். ஏப்ரல், மே மாசம் போனா பாத்தி முழுக்க வெள்ளையா இருக்கும், கண்ணு கூசும், கூலிங்கிளாஸ் அவசியம். வடகிழக்குப் பருவமழையில உப்பு வேலை கிடையாது. ஆனா அப்போ போனா பக்கத்துல கோடியக்கரையில பூநாரை பாக்கலாம். கார்ல எக்ஸ்ட்ரா தண்ணி கேன் வெச்சுக்கோங்க, உப்பளத்துப் பக்கம் கடை ரொம்பக் கம்மி. அடுத்த வாரம் சந்திப்போம்.